கடைசி வரிசையில் உயர்ந்த கை

பள்ளிக்கூடச் சுவர்வரை கல்குவாரி தோண்ட அனுமதிக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. அவையில் உயரும் கைகளை எண்ணுவது எழுத்தர் பெண்ணின் வேலை.

கடைசி வரிசை உறுப்பினர் வழக்கம்போல் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் தொந்திமேல் கோத்துக் கிடந்தன. ஆனாலும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்திருந்தது. நகக்கண்ணில் கல்தூசி, விரலில் பச்சைக்கல் மோதிரம். அவருடைய தேர்தல் செலவு முழுவதையும் பார்த்துக்கொண்ட குவாரி முதலாளியின் மோதிரம் அது. முதலாளியைப் புதைத்துப் பத்து நாளாகிறது.

“சார், இதையும் எண்ணணுமா?”

மேலதிகாரி நிமிரவே இல்லை. “ஜெயிச்ச நாள்லேருந்து அந்தக் கைதானம்மா ஓட்டுப் போடுது. எண்ணிக்கோ.”

ஒரே கை வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. அந்தக் கை மெல்ல இறங்கி, வளர்ப்பு நாயைத் தடவுவதுபோல் உறுப்பினரின் தலையைத் தடவிக்கொடுத்தது. அவர் தூக்கத்திலேயே பல்லை இளித்தார்.