கியுசிக்கின் முதல் பாவம்

"திருமுழுக்கு வாங்கினா அதுவரைக்கும் செஞ்ச பாவமெல்லாம் தன்னால போயிடுமாம். உன்னை மாதிரி பாவசங்கீர்த்தனத்துக்கு நான் வரிசையில நிக்க வேணாம்" என்று கியுசிக் மனைவியிடம் பீற்றிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில் கத்தோலிக்கராக அவர் சம்மதித்ததே இந்தச் சலுகைக்காகத்தான். தன்னைவிட இருபது வயது சின்னவரான பங்குச் சாமியாரிடம் மண்டியிட்டு, செய்ததையெல்லாம் சொல்வது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், தென்கொரியாவின் வொன்ஜு நகரக் கோயில் அலுவலகத்தில் அந்த ஃபாதர் படிவம் நிரப்பினார்.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது திருமுழுக்கு வாங்கியிருக்கீங்களா ஐயா?"

"இல்லவே இல்லை ஃபாதர்."

"வாங்கியிருக்காரு ஃபாதர்!" மனைவி மியோங்ரான் கைப்பையிலிருந்து ஒரு பழைய சான்றிதழை எடுத்து நீட்டினாள். "இவரோட பட்டாளத்துப் பெட்டியில இருந்துச்சு."

"அடிப்பாவி! அது கட்டாய ராணுவப் பயிற்சி முகாம்ல... பாஸ்டர்கிட்ட தலையைக் காட்டி தண்ணி ஊத்திக்கிட்டா ரெண்டு சாக்கோ பை, அதான் அந்த சாக்லேட் கேக்கு, தர்றோம்னாங்க. அப்ப அகோரப் பசி ஃபாதர்!"

"திருமுழுக்கு ஒரு தடவைதான் ஐயா. பாஸ்டர் குடுத்ததா இருந்தாலும் அதுவே செல்லும். அதுக்கப்புறம் முப்பத்தேழு வருஷமா செஞ்சதை நீங்க பாவசங்கீர்த்தனத்துல சொல்லியாகணும்."

"என்னங்க, அத்தனையும் சொல்லி முடிக்க சாயங்காலம் ஆயிடுமே, மதியச் சாப்பாடு கட்டிக் குடுத்துடவா?" என்றாள் மியோங்ரான்.

மறுநாள் கியுசிக் பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டார். "ஃபாதர், முதல் பாவம்... ரெண்டு சாக்கோ பைக்காக ஆண்டவரையே ஏமாத்தினேன்."

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி முன்னால் நகர்ந்தது.

"ரெண்டுதான் குடுத்தாங்களா?" என்றார் ஃபாதர் மெல்லிய குரலில். "எங்க முகாம்ல எனக்கு மூணு குடுத்தாங்க. பயப்படாம மேல சொல்லுங்க ஐயா."