ஜூன் முப்பத்தொண்ணு

"ஏம்மா, ஜூனுக்கு எங்கேயாவது முப்பத்தொரு நாள் உண்டா?"

பெரியவர் காலண்டர் தாளை மேஜையில் பொத்தென்று வைத்தார். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். அவரிடமே தப்பா!

"அச்சச்சோ! ஃபேன் பக்கமா உக்காருங்க சார். இப்பவே மாத்திடறேன்" என்றாள் டைப்பிங் கடைக்காரி.

மாசத்துக்கு ஒரு தாள், பெரிய பெரிய கட்டம். முதல் தடவை வந்தபோது, மாதிரிக்கென்று வீட்டுச் சுவரிலிருந்த பழைய தாளைக் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் 'மகன் போன்' என்று எழுதியிருந்தது. மற்றதெல்லாம் வெறும் கட்டம். மனைவி போன பிறகு எழுத என்ன இருக்கிறது?

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பாக்கறே? கட்டத்தோட அளவைப் பாரு" என்று அதட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தாளிலும் தப்பு. ஒரு மாசம் பதினேழாம் தேதி இரண்டு. இன்னொரு மாசம் புதன்கிழமையையே காணோம். கடையிலேயே சரிபார்க்கலாமென்றால், கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் கிளம்புவார்.

"என் அச்சகத்துல இருந்திருந்தா ஒரே நாள்ல உன் சீட்டைக் கிழிச்சிருப்பேன்!"

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அவள் டீயை நகர்த்துவாள். "அங்க என்னென்ன தப்பெல்லாம் புடிச்சீங்க சார்?"

அவ்வளவுதான். மாப்பிள்ளை பேர் மாறிப்போன கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்தாரென்றால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

மகன் போனில் சொன்னான். "வேற கடைக்குப் போங்கப்பா."

"நான் போயிட்டா அந்த மக்கை யாருடா திருத்தறது?"

ஜூலைத் தாளுக்குப் போனபோது கடையில் அவள் இல்லை, தங்கை இருந்தாள். அக்காவின் மாமியாருக்கு ஆபரேஷனாம். தாள் இரண்டே நிமிஷத்தில் கைக்கு வந்துவிட்டது.

வீட்டில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். மருந்துக்குக்கூட ஒரு தப்பு இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? மனசு என்னவோ வெறிச்சென்று ஆகிவிட்டது. குடையைப் பார்த்தார். கிளம்ப ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் கிளம்பினார்.

"என்ன சார், தப்பா இருக்கா?" என்றாள் தங்கை.

"இல்லியே... அதான் கேக்கறேன். உங்கக்கா மாசா மாசம் தப்பாத்தான் அடிப்பா. நீ மட்டும் எப்படிம்மா?"

தங்கை சிரித்துவிட்டாள். "இதுல யார் சார் அடிக்கறா? ரெடிமேடா டெம்ப்ளேட் இருக்கு. மாசத்தையும் வருஷத்தையும் கொடுத்தா தேதியெல்லாம் தானா வந்து விழும். தப்பு வேணும்னாத்தான் உக்காந்து கையால மாத்தணும். எங்கக்காவுக்கு வேற வேலை இல்லையா என்ன?"

பெரியவர் ஃபேன் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்கக்கா எப்போ வருவா?"

"வர்ற திங்கக்கிழமை சார்."

பேனாவை எடுத்து, தாளில் அந்தத் திங்கட்கிழமைக் கட்டத்தில் 'கடை' என்று எழுதினார். பிறகு குரலை உயர்த்தினார்.

"வந்ததும் சொல்லி வை! இந்த மாசமும் ஏகப்பட்ட தப்பு. நேர்லயே வந்து பேசிக்கறேன்!"