தர்மத்துக்குப் போன கார்

காரில் ஏசி செத்து இரண்டு கோடை ஆகிவிட்டது. குவைத் வெயிலில் வெந்துபோன வீட்டு டிரைவர் பாண்டித்துரை, புது கார் வரவழைக்க ஒரு வழி கண்டுபிடித்தான். அரைகுறை அரபியில் மேடத்துக்கு ஆசையாக விளக்கினான்.

"இதைத் தர்மத்துக்குக் கொடுத்திடுங்க மேடம். ஃபஹாஹீல்ல ஒரு சங்கம் இருக்கு, அவங்களே வந்து எடுத்துட்டுப் போவாங்க. நல்லா ஓடுச்சுன்னா ஏலம் விடுவாங்க. இல்லேன்னா கதவு, டயர், பேட்டரின்னு தனித்தனியா பிரிச்சு விப்பாங்க. எதுவுமே வீணாகாது!"

"அந்தக் காசு?"

"வேலை போன ஏழைங்க ஊருக்குப் போக டிக்கெட் மேடம்!"

மேடத்தின் கண் கலங்கியது. மறுநாளே கார் போய்விட்டது. அது நின்ற இடத்தைக் கழுவிக்கொண்டே, புது காருக்கு என்ன கலர் சொல்லலாம் என்று பாண்டித்துரை யோசித்தான்.

வியாழக்கிழமை மேடம் அவனுடைய பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"கார் மாஃபி, டிரைவரும் மாஃபி. கார் இல்லை, அதனால் டிரைவரும் இல்லை. இனிமேல் என் மகன் காரிலேயே போய்க்கொள்வேன்."

"மேடம், பொண்ணை இப்பத்தான் காலேஜ்ல சேர்த்திருக்கேன்..."

"கவலைப்படாதே பாண்டி. நீ சொன்னது சரிதான், எதுவுமே வீணாகவில்லை. சங்கத்தில் பேசிவிட்டேன். நம் கார் விற்ற காசில் முதல் டிக்கெட் உனக்குத்தான்."