ஒருத்தனுக்குப் புரிந்தால் போதும்

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டான்.

இன்று கேட்டுவிட வேண்டும்.

கைப்பேசியில் அந்த வீடியோ. யாரோ எடுத்து, யார் யாரோ அனுப்பி, கடைசியில் அவனுக்கும் வந்து சேர்ந்தது. ஒரகடம் சாலை. கவிழ்ந்த ஸ்கூட்டி. அதற்கு அப்பால் தமயந்தி.

அவன் மனைவி. தலை தீபாவளிகூட வந்திருக்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் நின்று, கைகளை உயர்த்திக் கத்திக்கொண்டிருப்பவன்தான் காரை ஓட்டிவந்தவன். அர்ஜென்டினாக்காரன். ரொசாரியோ என்ற ஊர். கார் தொழிற்சாலை வேலையாக வந்த எஞ்சினியர். தமயந்தியின் காரியம் முடிவதற்குள் கம்பெனி அவனை விமானம் ஏற்றிவிட்டது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த ஆள் கத்தியது ஸ்பானிஷில். அங்கே நின்ற யாருக்கும் புரியவில்லை.

அடிபட்டுக் கிடப்பவள்மேல் அப்படிக் கத்த என்ன இருக்கிறது?

திட்டுகிறான். குறுக்கே வந்தாயே என்று திட்டுகிறான். வேறென்ன?

மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுப் பார்த்தான். லாரிச் சத்தத்தில் அது திணறியது. தெரிந்தவர்கள் யாரிடமும் காட்ட மனம் வரவில்லை. அவள் அப்படிக் கிடப்பதை இன்னொருவர் பார்க்கக் கூடாது.

அதனால்தான் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தான்.

முதல் நாள் ஃப்ளோரா மிஸ் கேட்டார். "எந்த ஸ்பானிஷ் வேணும்? ஸ்பெயினா, மெக்சிகோவா?"

"அர்ஜென்டினா. ரொசாரியோ பக்கம் பேசுறது."

"தமிழ் கத்துக்க வந்துட்டு நாகர்கோவில் தமிழ்தான் வேணும்னு நிக்கிற மாதிரி இருக்கு. மெக்சிகோ எடுத்துக்குங்க. கம்பெனிங்க அதத்தான் கேக்குறாங்க. எல்லாருக்கும் புரியும்."

"எல்லாருக்கும் புரிய வேணாம் மிஸ். ஒருத்தனுக்குப் புரிஞ்சா போதும்."

மிஸ் சிரித்தார். "ரொம்ப நெருங்கின ஃப்ரெண்டோ?"

"ஆமா மிஸ்."

தெருவுக்கு மெக்சிகோவில் காயே. ரொசாரியோவில் காஷே. வகுப்பே காயே என்று சொல்லும்போது அவன் மட்டும் காஷே என்றான். "வந்துட்டாருப்பா நம்ம காஷே" என்று பின் பெஞ்சில் சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்த்ததில்லை.

அர்ஜென்டினாக்காரனின் எண் அவனிடம் இருந்தது. சொல்ல ஒரு வாக்கியமும் இருந்தது.

அவள் பெயர் தமயந்தி, அந்தப் பெயரை நீ சாகிற வரைக்கும் கேட்பாய்.

எவனோ வெளிநாட்டான் உளறுகிறான் என்று ஃபோனை வைத்துவிடக் கூடாது. தன்னைப் பெற்றவள் திட்டுகிற அதே பேச்சில் காதில் விழ வேண்டும். தூக்கத்திலும் புரிய வேண்டும்.

அதற்கு முன், அவன் என்ன திட்டினான் என்று தெரிய வேண்டும்.

திரையைத் தொட்டான்.

லாரி. ஹாரன். பிறகு அந்தக் குரல்.

முதல்முறையாக, அது சத்தமாக இல்லாமல் பேச்சாக வந்தது.

மூச்சு இருக்கிறது.

இவளுக்கு மூச்சு இருக்கிறது. என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. கார் ஓடும். ஒரு கை கொடுங்கள். யாராவது.

நீ. உன்னைத்தான். அந்த ஃபோனைக் கீழே போட்டுவிட்டு வா.

நிறுத்தினான். மறுபடி ஓட்டினான்.

மறுபடியும் அவளுக்கு மூச்சு இருந்தது.

அந்தக் கைகள் அவளை நோக்கி உயரவில்லை. கேமராவை நோக்கி உயர்ந்திருந்தன.

ஸ்பானிஷ் ஓய்ந்ததும் எப்போதும் நிறுத்திவிடுவான். இன்று விரல் எழவில்லை. வீடியோ ஓடியது.

கேமராவுக்கு மிக அருகே, தமிழில் ஒரு குரல். "என்னா எகிறு எகிர்றான் பாரு மாப்ள. நீ தொட்றாத, கேஸாயிடும். நான் மூஞ்சி தெரியற மாதிரி எடுக்கறேன்."

இன்னொரு குரல் சிரித்தது. "டேய் புகழு, பஞ்சர் கடையத் தொறந்து போட்டுட்டு வந்துட்டியேடா."

இந்தக் குரல்கள் எப்போதும் அங்கேயே இருந்தன. கற்றுக்கொள்ள எதுவும் இல்லாத மொழி. அவன் அதைக் கேட்கவே இல்லை.

மேலே கதவைப் பூட்டிக்கொண்டு ஃப்ளோரா மிஸ் இறங்கி வந்தார். "அடுத்த லெவலுக்குப் பேர் குடுக்கலியே?"

"போதும் மிஸ்."

"பேசியாச்சா ஃப்ரெண்டுகிட்ட?"

எழுந்து வழிவிட்டான்.

"அவர்தான் மிஸ் பேசினார்."

ரொசாரியோ எண்ணை அழித்தான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

போகும் வழியில் ஹார்டுவேர் கடையில் நிறுத்தினான். ஆணி கேட்டான்.

"ஒரே ஒரு ஆணியா சார்?" கடைக்காரர் சிரித்தார். "ஒண்ணை வச்சு என்னா சார் பண்ணுவீங்க?"

"ஒண்ணு போதும்."

ஒரகடத்துக்குச் சற்று முன்னால், வெயில் இருக்கும்போதே, பைக்கை ஓரங்கட்டினான். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தான். உச்சரிப்பில் திருத்த எதுவும் இல்லை.

ஆணியைப் பின்சக்கரத்தில் வைத்து, ஒரு கல்லால் அடித்து இறக்கினான். பிறகு பிடுங்கினான்.

காற்று மெதுவாகத்தான் போனது. முழுவதும் போகும்வரை பக்கத்தில் குந்தியிருந்து கேட்டான்.

ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பஞ்சர் கடை இருக்கும் பக்கம் வண்டியைத் தள்ளத் தொடங்கினான்.