ஆளுக்கொரு வெள்ளிக்காசு

“மெதுவாப் பேசுங்கக்கா. அவர் தூங்குறார். எழுப்பினா வீட்டை ரெண்டாக்கிடுவார்.”

தையற்காரி கதவைப் பாதிதான் திறந்தாள். வெளியே, தோளில் பையோடு மாநகராட்சிப் பெண் நின்றாள். “என்னங்க, நீங்க கீழயே நில்லுங்க. இன்னும் ஒரு வீடுதான்” என்று கைபேசியில் சொல்லிக்கொண்டே படியேறி வந்தவள்.

ஊர் உண்டாகி இருநூறு வருஷம் நிறைந்ததற்காக, குடியிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளிக்காசு கொடுக்கிறார்கள். வாசலில் வைத்தே தையற்காரி தன் காசை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் மணிக்கூண்டு. மறுபக்கம் ஊர் ஜனம் என்று எள்ளெள்ளாய்த் தலைகள்.

“இத்தனை கூட்டத்துல நான் எங்கக்கா இருக்கேன்?”

“என்னையே நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள் மற்றவள், சிரிக்காமல். “சரி, அண்ணனைக் கூப்பிடு. இந்த வீட்டுல ரெண்டு பேர்னு வீட்டு ஓனர் சொன்னாரே.”

அந்தக் கட்டடத்தில் தையற்காரியின் புருஷனுக்கு முன்கோபி என்று பெயர். பல்லை இளித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்த மேல்மாடிக்காரன், இப்போதெல்லாம் பூனைபோல் நடந்து போவது அந்தக் கோபத்துக்குப் பயந்துதான்.

அவருக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். தானே கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். எதுவும் எடுபடவில்லை. ஆளை நேரில் பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம். இன்று முடியாவிட்டால் நாளைக்கு மேலதிகாரியே வருவார், அவர் உள்ளே வந்து பார்க்காமல் போகமாட்டார் என்றாள் வந்தவள்.

தையற்காரி பின்னால் நகர்ந்து உள்ளறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். இந்தக் கதவு திறந்தால் நாளையிலிருந்து இந்தக் கட்டடத்தில் அவள் நிம்மதியாகக் கண்மூட முடியாது.

“என்னங்க, முழிச்சிட்டீங்களா?” என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது.

தையற்காரி, வந்தவளின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் ஜன்னலுக்கு வெளியே பார்வையை ஓட்டினாள். கீழே தெரு வெறிச்சென்று கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை.

மாநகராட்சிப் பெண் உள்ளே காலை எடுத்து வைத்தாள். வாசலில் கிடந்த ஆண் செருப்பு அவள் காலில் இடறிக் குப்புறக் கவிழ்ந்தது. அதன் அடிப்பாகம் மண்ணே படாமல் கறுகறுவென்று பளபளத்தது.

அவள் குனிந்து அதை நிமிர்த்தி, ஜோடியோடு சேர்த்து வைத்தாள். நிமிர்ந்தபோது உள்ளறைக் கதவைப் பார்க்கவில்லை. தையற்காரியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

பிறகு பையிலிருந்து இன்னொரு வெள்ளிக்காசை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். “அண்ணன் வாங்கிக்கிட்டார். மேலதிகாரி வரமாட்டார்.”

தையற்காரியின் மூடிய கைக்குள் இரண்டு காசுகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

“வந்துட்டேங்க” என்று கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கியவள், பாதியில் நின்றாள். மேல்மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்ப ஏறி வந்து தையற்காரியின் காதருகே குனிந்தாள்.

“செருப்பை அப்பப்ப மண்ணுல தேய்ச்சு வைம்மா. எங்க வீட்டு வாசல்ல கிடக்கிற ஜோடியை நான் அப்படித்தான் பழசாக்கினேன்.”