ஐந்தடி உயரத்தில் ஞானசிகாமணி

அவள் கழுத்து நிமிர்ந்துகொண்டே போனது.

பக்கத்து வீடு மேலே போய்க்கொண்டிருந்தது.

அஸ்திவாரத்துக்கு மேலே அறுத்து, அடியில் வரிசையாக ஜாக்கிகள். மேஸ்திரி விசில் ஊத, ஆட்கள் ஒன்றாகத் திருக, வீடு ஒரு நூல் உயரும்.

வீட்டைக் காலிசெய்யத் தேவையில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஞானசிகாமணியும் செய்யவில்லை. வராந்தாவில் நாற்காலி போட்டு, காபி டம்ளரோடு, அவளைப் பார்த்தபடியே மேலே போனார்.

சொர்க்கத்துக்குப் போகிறவர்கள்கூட அத்தனை திருப்தியாகப் போகமாட்டார்கள்.

"என்னம்மா, கழுத்து வலிக்குதா?"

அவள் வீடு கட்டிய நாளிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

ஏரியில் மனை போட்டு விற்ற நகர் அது. மாடி கட்ட வைத்திருந்த பணத்தையெல்லாம் மண்ணாகக் கொட்டி, அவர் வீட்டைவிட மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்தாள். தலைக்கு மேலே வெறும் ஷீட்தான். போகட்டும். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் அவர் கூடத்துக்குப் போனது. சோபாவுக்கு அடியில் கெளுத்தி பிடித்துக் குழம்பு வைத்தார்கள் என்று தெருவே சத்தியம் செய்யும்.

இனி தண்ணீர் இவள் வீட்டுக்கு. கெளுத்தியும்.

மனிதன் குகையைவிட்டு ஏன் வெளியே வந்தான் என்று புத்தகங்களில் என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சும்மா. பக்கத்துக் குகைக்காரன் ஒரு முழம் உயரத்தில் இருந்தான், அவ்வளவுதான். கோட்டை, கோபுரம், முப்பது மாடி எல்லாமே அந்த வயிற்றெரிச்சல்தான்.

ஐந்தடி ஏறியதும் ஆட்கள் சாப்பிடப் போனார்கள்.

மழை பிடித்தது. சொட்டுச் சொட்டாக இல்லை. அண்டா அண்டாவாக.

தண்ணீர் அவள் வாசலைத் தாண்டியது. கட்டில் காலை நனைத்தது. மெயினை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மேலே ஞானசிகாமணி சிரித்துக்கொண்டிருந்தார்.

காற்று அடித்தது. வீடு லேசாக ஆடியதுபோல் இருந்தது அவருக்கு. எழுந்தார். இறங்க வந்தார். நின்றார்.

படிகள் கீழேயே இருந்தன. அவை வீட்டோடு வரவில்லை.

ஆபரேஷன் செய்த முழங்கால். ஐந்தடி. கீழே செம்மண் தண்ணீர்.

"ஏங்க… உங்க வீட்ல ஏணி இருக்குங்களா?"

அவள் உள்ளே போனாள். ஏணியைக் கொண்டுவந்து அவர் வராந்தாவில் சாய்த்தாள்.

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதுகைத் திருப்பி, கைப்பிடிச் சுவரைப் பற்றி, ஒரு காலை மெல்லக் கீழே விட்டுத் துழாவினார்.

ஏணியில் பாதி ஏறி அவள் நின்றிருந்தாள். இடுப்பில் அரிசி டின்.

"காலை எடுங்க," என்றாள்.