வெர்னின் வண்டி கிளம்பவில்லை

"இதென்னம்மா, தகர டப்பாவுல ஆணியப் போட்டுக் குலுக்கற மாதிரி சத்தம்?"

ரோவீனாவின் காருக்குள் தலையை நீட்டியபடி கேட்டார் வெர்ன் ஹக்கபி. இன்னும் சற்று நேரத்தில், இறுதிப் பந்தயத்தில் அவளை எதிர்த்து ஓட இருப்பவர் அவர்தான்.

"சூப்பர்சார்ஜர்," என்றாள் ரோவீனா.

"கிளென் இருந்தவரைக்கும் இப்படிக் கேட்டதில்ல. பேசாம வண்டிய டிரெய்லர்ல ஏத்திட்டு வீட்டுக்குப் போ. இதோட ஓட்டினா எஞ்சினையும் சேத்துப் பொதைக்கணும்."

"நான் போயிட்டா நீங்க தனியா ஓடிக் கோப்பையத் தூக்கிட்டுப் போயிடலாம். அதானே?"

"சொல்றதச் சொல்லிட்டேன்," என்று அவர் தம் வண்டியை நோக்கி நடந்தார்.

"கெழவருக்கு வாய் மட்டும் பழுதாகவே மாட்டேங்குது," என்றாள் நாத்தனார் ஜனெல்.

ரோவீனா சிரிக்கவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் அந்த அலுமினியப் பெட்டியைக் கழற்றுவதும் பூட்டுவதும் அவள் கணவன் கிளென் உயிரோடு இருந்தவரை அவன் வேலை. அவன் போன பிறகு, சென்ற குளிர்காலத்தில்தான் அவள் முதன்முறையாக அதைத் தானே பிரித்துப் பூட்டினாள். ஒஹையோவின் அந்தப் பந்தயத் திடலில் இதை அறியாதவர் இல்லை. இன்று அது உடைந்தால், தெரியாத வேலையில் கைவைத்தவள் என்ற பெயர் அவளோடு ஒட்டிக்கொள்ளும்.

"அண்ணி, நீங்க பூட்டினதுலயே ஏதாவது...?"

"இருக்கலாம். பாத்துட்டுச் சொல்றேன். நீ உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணு."

சூப்பர்சார்ஜரின் பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டாள். சத்தம் இல்லை. மறுபடி மாட்டினாள். கடகடவென்று வந்தது.

"இப்ப ஆக்சிலரேட்டர மிதி."

மிதித்ததும் சத்தம் அடங்கியது. காலை எடுத்ததும் திரும்பியது.

"பேரிங் போயிருந்தா வேகம் கூடக்கூடச் சத்தமும் கூடும். இது கொறையுது." எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெல்ட் ஓடும் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தாள். உள்ளே 'டக், டக்' என்று இடித்தது. "கப்ளர்."

வெளிச்சக்கரத்தின் சுழற்சியை உள்ளே இருக்கும் உருளைகளுக்குக் கடத்துகிற, உள்ளங்கையில் அடங்கும் வட்டத் துண்டு அது. மாற்றுத் துண்டு அவள் பெட்டியில் இருந்தது. நேரம்தான் இல்லை.

அவள் முதல் போல்ட்டைத் தளர்த்தியபோதே ஒலிபெருக்கி கூப்பிட்டது. "இறுதிப் பந்தயம். ரெண்டு வண்டியும் வரிசைக்கு வரலாம்."

கூப்பிட்டும் ஒருவர் வராவிட்டால், வந்தவர் தனியாக ஓடி வென்றுவிடலாம். அதுதான் விதி.

"முடியுமா அண்ணி?"

"டார்ச்சப் பிடி."

சூப்பர்சார்ஜரின் மூக்குபோல் நீண்ட முன்பகுதி கழன்றது. எண்ணெய் தட்டில் வழிந்தது. அதை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். உலோகத் துகள் ஒன்றுகூட இல்லை. கியர்களும் பேரிங்குகளும் நலம். அவள் பூட்டியதில் பிழை இல்லை. கப்ளரின் துளைகள் மட்டும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன.

அப்போது ஒலிபெருக்கி கனைத்தது. "வெர்ன் ஹக்கபியோட வண்டி வரிசையிலயே படுத்துடுச்சு. ரோவீனாவையும் காணோம். ஃபைனல் ஓடுறதுக்கு ஓடுற வண்டி யாராவது வச்சிருக்கீங்களா?"

பார்வையாளர் பக்கம் சிரிப்பலை எழுந்தது. "எறங்கித் தள்ளுய்யா" என்று யாரோ கத்தினார்கள்.

ஜனெல் எட்டிப் பார்த்தாள். "மூடியத் தெறந்து வச்சுக்கிட்டுத் தலையச் சொறியிறாரு. நல்லா வேணும். ஊரார் வண்டிக்கு ஜோசியம் சொன்ன வாயி."

"அவர் வண்டி சீக்கிரம் ஓடிடக் கூடாதுன்னு வேண்டிக்கோ," என்றாள் ரோவீனா, புதுத் துண்டைப் பொருத்தியபடி.

விளிம்பில் பசை தடவினாள். மூக்கைப் பூட்டினாள். புதிய எண்ணெயை ஊற்றி, பெல்ட்டை ஏற்றி, சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது, அதன்மேல் சூப்பர்சார்ஜரின் சீரான விசில் மட்டும் கேட்டது.

ஜனெல் அண்ணியின் முதுகில் ஓர் அறை வைத்தாள்.

ரோவீனா வரிசைக்குள் நுழைந்தபோது வெர்னின் வண்டியும் இருமிக்கொண்டு உயிர்பெற்றது. பச்சை விளக்கு எரிந்தது. வெர்ன் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. பாதித் தூரத்தில் அவர்தான் முன்னால் இருந்தார். அங்கிருந்து அவள் வண்டி அந்த இடைவெளியை அங்குலம் அங்குலமாகத் தின்றது. முடிவுக்கோட்டை அரை வண்டி நீள வித்தியாசத்தில் அவள் தாண்டினாள்.

திரும்பி வந்ததும் வெர்ன் கை நீட்டினார். அவள் குலுக்கினாள், ஆனாலும் மனம் ஆறவில்லை.

"அடுத்த தடவ எனக்குப் புத்தி சொல்றதுக்கு முன்னாடி உங்க வண்டிய ஒழுங்காப் பாத்துட்டு வாங்க."

"பாக்கணும்மா. பழைய வண்டி," என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். போகிற வழியெல்லாம் தெரிந்தவர்கள் அவர் முதுகைப் பிடித்துத் தள்ளுவதுபோல் கேலி செய்தார்கள்.

வரிசையை ஒழுங்குபடுத்தும் டோரீன் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அவர் வண்டிக்கு என்னதான் கோளாறாம்?" என்று கேட்டாள் ரோவீனா.

"எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்புற பம்போட பியூஸ்."

"எங்கிட்ட நாலஞ்சு கெடக்கு. ஒண்ணு எடுத்துட்டுப் போய்க் குடேன். திரும்ப வழியில நின்னுடப் போகுது."

டோரீன் கோப்பையை அவள் கையில் வைத்தாள்.

"பியூஸ் நல்லாத்தான் இருந்துச்சு, ரோவீனா. உன் வண்டி வர்ற சத்தம் கேக்குற வரைக்கும் அத அவரு சட்டைப் பையிலயே வச்சிருந்தாரு."